விரலைக் கேட்டு ஊர் சொன்னவர்

செய்தி தோணித்துறையில் வைத்துத்தான் என் காதில் விழுந்தது. பிரசவம் ஒன்றை முடித்துக்கொண்டு இக்கரைக்கு வந்து இறங்கினேன். தோணிக்காரர் கயிற்றைக் கட்டியபடியே, "அக்கா, அம்மைப்பால் குத்துற சீனித்தம்பி அண்ணன் மோசம் போயிட்டார். விடியத் தேத்தண்ணி குடிச்சிப்போட்டுச் சாய்ஞ்சவராம். அப்படியே போயிட்டார்," என்றார்.

"தொய்வு வந்து கஷ்டப்பட்டவரா?" என்று கேட்டேன்.

"இல்ல அக்கா. நித்திரைதான்."

எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. மூன்று வருடங்களாக அந்த மனிதர் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். போகும்போதாவது அவருக்கு மூச்சு முட்டவில்லை.

நான் அரசாங்க மருத்துவிச்சி. அவர் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை நோய் வராமல் தடுக்கும் அம்மைப்பால் குத்துபவர். ஒரே மாட்டுவண்டியில், ஒரே தோணியில் பல வருடங்கள் போய் வந்தோம். அவர் தண்ணீருக்குப் பயந்தவர் என்பது இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வாவிக்கரையில் பிறந்தும் அவருக்கு நீந்தத் தெரியாது. தோணி அசைந்தால் கண்ணை மூடிக்கொண்டு என் மருந்துப்பெட்டியைப் பிடித்துக்கொள்வார். "கரை வந்தா மட்டும் சொல்லு தங்கச்சி, நடுவில ஒண்டும் சொல்லாத," என்பார்.

அவருடன் முதன்முதலாகச் சித்தாண்டிக்குப் போன நாள் நினைவிருக்கிறது. அம்மைப்பால்காரர் வருகிறார் என்று தெரிந்ததும் பிள்ளைகளை எல்லாம் ஒளித்துவிட்டார்கள். அவர் யாரையும் அதட்டவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, கையை விரித்து, தன் விரல்களோடு தானே விளையாடத் தொடங்கினார். சின்னவிரல் விதைக்கும், அடுத்த விரல் தண்ணீர் கட்டும், நடுவிரல் அறுக்கும், சுட்டுவிரல் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும். "ஒண்டும் செய்யாத பெருவிரல் ஓடி வந்து திண்டிச்சு!" பிறகு உள்ளங்கையிலிருந்து ஒரு குருவி புறப்பட்டு, கை வழியே தத்தித் தத்தி, கக்கத்திலுள்ள கூட்டுக்குப் போகும். நல்ல குரல் என்று சொல்ல மாட்டேன். தகரத்தில் ஆணி கீறுவது போன்ற குரல். ஆனால் நெல்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அரைமணி நேரத்தில் ஒன்பது பிள்ளைகள் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றன. குருவி கக்கத்துக்கு வரப்போகிறதென்று பிள்ளை கழுத்தைச் சுருக்கிச் சிரிக்கும் அந்தக் கணத்தில் அவர் மேற்கையில் கீறி முடித்துவிடுவார்.

அதே பாட்டைக் காத்தான்குடியில் சொன்னபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு தாய் கதவுக்குப் பின்னால் நின்று, "அது உங்கட ஊர்ப் பெருவிரல் தம்பி. எங்கட பெருவிரல் சும்மா திங்கிறவர் இல்ல. அவர் வாப்பா. தறியில நெய்த புடவையத் தலையில வச்சிச் சந்தைக்குப் போவார்," என்றார். சீனித்தம்பி அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அங்கேயே பாடமாக்கிக்கொண்டார். திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "புள்ளையிட்டப் போக முதல் அதுட ஊருக்குள்ள போகணும் தங்கச்சி. அஞ்சு விரலும் எல்லா இடத்திலயும் ஒரே வேலை செய்யிறல்ல."

அன்றிலிருந்து நானும் கவனித்தேன். மேற்குக்கரையில், பழுகாமப் பக்கத்தில் பெருவிரல் பரணில் இருந்து யானை விரட்டும். கதிரவெளியில் ஐந்து விரலும் வலை இழுக்கும். அங்கே கையில் ஏறுவது குருவியல்ல, ஆமை. கரைக்கு மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து, கக்கத்தில் குழி தோண்டி முட்டையிடும்.

இதையெல்லாம் வெறும் விளையாட்டு என்றுதான் நான் எண்ணியிருந்தேன், அந்த மார்கழி வெள்ளம் வரும்வரை.

வெள்ளத்தின் மூன்றாம் நாள், கரையோரக் கண்டல் மர வேர்களில் சிக்கிக் கிடந்த ஒரு சிறு தோணியில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்றைக் கண்டெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அப்போது எனக்கு அங்கேதான் வேலை. உடம்பில் ஒரு கிழிந்த சட்டை, இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு. வேறு அடையாளம் இல்லை. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. பேச்சுத்தான் வரவில்லை. பெயர் கேட்டால் சுவரைப் பார்க்கும். அம்மா எங்கே என்றால் கையைப் பொத்திக்கொள்ளும். அக்கம்பக்க ஊர்த்தலைவர்களான விதானைமாரைக் கேட்டும் பயனில்லை. மேற்குக்கரை ஊர்களுக்கு வழியே அறுந்திருந்தது. பிள்ளை வந்து எட்டாம் நாள், அதை வெளியூர் அநாதை மடம் ஒன்றுக்கு அனுப்புவதென்று முடிவானது. மறுவாரம் ரயில். அதில் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இனி ஊரும் இல்லை, பெற்றவரும் இல்லை என்று எனக்குப் பட்டது.

அன்றே சீனித்தம்பி அண்ணனுக்கு ஆளனுப்பினேன். அவர் வந்து தரையில் உட்கார்ந்தார். பிள்ளையைத் தொடவில்லை. தன் கையை மட்டும் விரித்துச் சித்தாண்டிப் பாட்டைச் சொன்னார். பெருவிரல் ஓடி வந்து தின்றபோது பிள்ளை இல்லையென்று தலையாட்டியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குரலும் மாறவில்லை. மறுபடி சின்னவிரலில் தொடங்கினார். இம்முறை பெருவிரலைப் பரணில் ஏற்றினார். "ஆனை வருது, ஆனை வருது, ஓஹோ!" பிள்ளையின் உதடு அசைந்தது. உள்ளங்கையிலிருந்து குருவி தத்தத் தொடங்கியதும், பிள்ளை பாய்ந்து அவர் விரலைப் பிடித்தது.

"குருவி இல்ல. ஆமை."

எட்டு நாளில் அது பேசிய முதல் பேச்சு.

"ஆமையா? ஆமை எப்படிப் போகும் புள்ள? எனக்குத் தெரியாதே," என்றார்.

பிள்ளை தன் சின்ன விரல்களால் அவர் கையில் மெல்ல மெல்ல ஏறி, கக்கத்தில் குழி தோண்டியது. அவர் கூச்சத்தில் நெளிந்து சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஆனை விரட்டுற ஊர், தங்கச்சி. ஆனா ஆமை சொல்லிக் குடுத்தவ கடற்காரி. நம்மட பக்கத்தில மாப்பிள்ளைதானே பொண்ணுட ஊருக்குப் போறது? கதிரவெளிப் பொண்ணு ஒண்டு பழுகாமப் பக்கம் வந்து குடியிருக்கெண்டா, அது ஒரு வீடுதான் இரிக்கும். தேடிப் பாக்கலாம்."

"தண்ணி இன்னும் வடியல்ல அண்ணன்."

"ஓம், தெரியும்," என்றார். முகம் வெளுத்திருந்தது. விடிந்ததும் தோணி ஏறிவிட்டார்.

அன்று முழுவதும் எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. நம்பி அனுப்பியது ஒரு விரல் பாட்டை. தவறாக இருந்தால்? தோணி கவிழ்ந்தால்? மறுநாள் மத்தியானம் வாசலில் அவர் குரல் கேட்டது. சேற்றில் தோய்ந்த வேட்டியோடு நின்றார். பின்னால் ஒரு பெண்ணும், அவள் புருஷனும். வீட்டுக்குள் வெள்ளம் ஏறியபோது, பிள்ளையைத் தோணியில் வைத்து மரத்தில் கட்டிவிட்டு மனைவியை எடுக்கப் போயிருக்கிறான் அவன். திரும்பி வந்தபோது கயிறு மட்டும் இருந்தது. "தண்ணிக்குக் குடுத்திட்டம் எண்டுதான் இரிந்தம்," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை கட்டிலிலிருந்து இறங்கி ஓடிவந்தது. தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சீனித்தம்பி அண்ணனைக் காட்டி முறையிட்டது:

"அம்மா, இவருக்கு ஆமை தெரியாது."

அழுதுகொண்டிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "கரை வந்திட்டுது," என்றார்.

அவருடைய புகழைப் பேச இன்னும் பலர் இருக்கிறீர்கள். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். பிறந்த பிள்ளையின் விரல்களை எண்ணிப் பார்ப்பது மருத்துவிச்சியின் கடமை. முன்பெல்லாம் வாய்க்குள் எண்ணிவிட்டுத் துணியில் சுற்றிக் கொடுப்பேன். இப்போது தாயிடம் கேட்கிறேன், "உங்கட ஊரில இத எப்படிச் சொல்லுவீங்க புள்ள?" என்று. வலியில் ஓய்ந்து கிடப்பவர்களும் சொல்கிறார்கள். அவரை அடக்கம் செய்த மறுநாள் ஏறாவூரில் ஒரு பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்து, நெடுநேரம் எங்களைக் கலங்கவைத்துத்தான் வந்தது. தாய் கண்ணைத் திறக்காமலே தன் ஊர்ப் பாட்டைச் சொன்னாள். நான் அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாகத் தொட்டேன்.

பத்தும் இருந்தன.