ஏரிக்கரைக் குதிரைப் பண்ணையை விலை பேசப் போனோம்

"ஏரிக்கரை, ஒன்பது ஏக்கர், ஆறு குதிரைகளோடு லாயம், தொழில் செய்ய ஏற்றது." போனில் வந்த இந்த விற்பனை விளம்பரத்தைப் படித்ததும் கணவருக்கு அனுப்பினேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இரண்டு வருடம் குதிரை ஏறியவள் நான். குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தர ஓர் இடம் வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே நானும் கணவரும் பேசிவருவது. ஒரே பயம், இதை வாங்க வேண்டுமென்றால் இப்போது குடியிருக்கும் தண்டையார்பேட்டை ஃபிளாட்டை விற்க வேண்டும்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான்கு வயது மகளோடு கிளம்பினோம். மாற்றுத்துணி மூன்று செட், காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லாம் பையில். (சிரிக்காதீர்கள்.) காலை 6.50 மின்சார ரயில், டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். எட்டு மணிக்குக் கும்மிடிப்பூண்டி. அங்கிருந்து தேர்வாய் கண்டிகை பக்கம் 17 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 400 ரூபாய். விற்பனை முடியும்வரை ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடாது என்று புரோக்கர் உத்தரவு.

"குதிரை பாக்கவா வந்தீங்க? நான் கம்பெனி ஷிப்ட்டுக்கு ஆள் ஏத்திக்கினு போறவன்" என்றார் ஆட்டோக்காரர். என் திட்டத்தைச் சொன்னேன். "தொறங்க மேடம்! ஞாயித்துக்கிழமைன்னா இங்க போவ இன்னா கீது? பசங்க போனை நோண்டிக்கினு கீதுங்க. நானே டிரிப் அடிக்கிறேன்." வியாபாரம் நடக்கும் என்று அப்போதே தோன்றிவிட்டது!

புரோக்கர் வாசலில் காத்திருந்து உள்ளே கூட்டிப்போனார். மேட்டில் ஓட்டு வீடு, கிணறு, லாயம். கீழே வேலி போட்ட மணல் மைதானம். அதைத் தாண்டி ஏரி, வெயிலிலும் நாரைகள். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் லட்சுமி அக்கா சேணம் பூட்டித் தர, ஆறு வருடத்துக்குப் பிறகு ஏறினேன். இரண்டாவது சுற்றிலேயே முதுகு தானாக நிமிர்ந்தது. "அம்மா, வேகமா!" என்று மகள் கத்தினாள்.

"ஒரு லட்சம் டோக்கன் போட்டுட்டுப் போங்க மேடம். ஆந்திரா பார்ட்டி ஒண்ணு சுத்திக்கினு இருக்குது" என்றார் புரோக்கர். கணவர் போனை எடுத்தே விட்டார்.

அப்போது மகள் மைதானத்து மணலில் எதையோ பொறுக்கி வாய்க்குக் கொண்டுபோனாள். இறங்கி ஓடிப் பிடுங்கினேன். நத்தை ஓடு. காலால் கிளறினால் கொத்துக் கொத்தாக வந்தன.

"இங்கே ஏது இவ்வளவு நத்தை?"

"மணல் லோடுல வந்திருக்கும் மேடம்" என்று முந்தினார் புரோக்கர்.

லட்சுமி அக்கா சிரித்துவிட்டார். "இன்னா நைனா, நத்தை லாரி ஏறியா வந்துச்சு? கார்த்திகையில ஏரி ரொம்பிச்சுன்னா இங்க இடுப்பளவு தண்ணிம்மா. நாங்க குதிரைய ஓட்டிக்கினு மேட்டுக்குப் பூடுவோம். லாயத்தாண்ட ஒரு சொட்டு வராது."

"யாவாரத்தைக் கெடுக்கிறியேக்கா!"

"புள்ளைய வச்சிக்கினு அவங்க நீந்தணுமா? நீ வந்து நீந்து."

பட்டாவையும் புல வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பட்டா ஐந்தரை ஏக்கர்தான். மீதி? "அனுபவத்துல இருக்குது மேடம்" என்றார் புரோக்கர். அதாவது ஏரிப் புறம்போக்கு. நான் சவாரி செய்த மைதானமே ஏரிக்குள் இருக்கிறது.

ஆனால் ஆசை குறையவில்லை. வீடு, லாயம், கிணறு எல்லாம் பட்டாவில்தான். லாயத்துக்குப் பின்னால் மேட்டிலேயே அறுபது தப்படிக்கு முப்பது தப்படி நடந்து அளந்துவிட்டார் கணவர். புதிய மைதானத்துக்குத் தாராளம். டோக்கன் கொடுக்கவில்லை. பட்டா நிலத்துக்கு மட்டும் விலை சொல்லுங்கள், மழைக்காலம் பார்த்த பிறகுதான் பணம் என்றோம். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்த புரோக்கர், உரிமையாளர் சம்மதித்துவிட்டதாக இன்று மாலை சொன்னார். மகள் தூங்கியும் எனக்குத் தூக்கம் வராமல்தான் இதை எழுதுகிறேன்.

ஏரிக்கரை நிலம் பார்க்கப் போகிறவர்கள் பட்டாவோடு புல வரைபடத்தையும் கேளுங்கள். புரோக்கரிடம் மட்டும் பேசாமல், அங்கே வேலை செய்கிறவர்களிடமும் பேசுங்கள். கோடையில் எந்த ஏரியும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். நாங்கள் கார்த்திகையில், அடைமழை நாளாகப் பார்த்து மறுபடி போகிறோம். அன்றைக்குத் தண்ணீர் எதுவரை நிற்கிறதோ, அதற்கு மேலே இருக்கும் மண்ணுக்குத்தான் எங்கள் ஃபிளாட்டை விற்போம்.