பெற்றரிக்குக் கீழே கிடந்த சேறு

சுனாமி அடித்த மூன்றாம் கிழமை, புளியந்தீவில் இருந்த என் கராஜுக்குக் கதிரவெளியிலிருந்து ஒருவர் கார் கொண்டுவந்தார். அலை பாதி மூழ்கடித்த கார். பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அந்தப் பக்கம் அது ஒன்றுதான் மிச்சமாம்.

“மிதிச்சா எஞ்சின் திக்கித் திக்கித்தான் இழுக்குது அண்ணன். ஏசியும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யுது.”

பொனட்டைத் திறந்தேன். அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. பெற்றரிக்குக் கீழே கறுத்த சேறு. செத்த மீனில் புழு நெளிந்தது. இரண்டு கோளாறும் ஒன்றாக வந்தால் முதலில் இரண்டுக்கும் பொதுவான, பெற்றரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் வயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது அந்தச் சேற்றுக்குள்தான் கிடந்தது. கைவைக்க அருவருத்துப் பொய் சொன்னேன்.

“ஏசி கொம்பிரசர் போயிற்று. எஞ்சினும் சரிவராது. இனி இது ஓடாது.”

“அப்ப அந்தப் பொம்பிளைகளை எதில ஏத்துறது?” என்றவர், “எதுக்கும் கழுவிப் பாப்பம்” என்று வெறுங்கையைச் சேற்றுக்குள் விட்டார்.

“சீ, அதுக்குள்ள கைவிடாதீங்க.”

“இதென்ன அண்ணன். மகளை இப்பிடிச் சேத்துக்குள்ளதான் தேடி எடுத்தன்” என்றார், நிமிராமலே.

அவர் சேற்றை அள்ளிக் கழுவியதும் பார்த்தால், எர்த் வயர் உப்பில் களிம்பேறி அறும் நிலையில் இருந்தது. நான் புது வயர் போட்டேன். எஞ்சின் சீராக இழுத்தது, ஏசி குளிர்ந்தது. அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்; நான் உண்மையைச் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தபோது அதைவிட நாறிய வண்டிகளும் வந்தன. எல்லாவற்றையும் வெறுங்கையை விட்டே கழுவினேன். அன்று பொய் சொன்ன என் வாயை நினைத்தால்தான் இன்னும் அருவருக்கிறது.