அண்ணி வரைந்த பழத்தட்டு

நடந்தவை இவை:

1. ஈப்போவில் ரப்பர்த் தோட்டக் கணக்கராக இருந்த அண்ணன், தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்.
2. அண்ணி தேக்கா சந்தையில் பழம் வாங்கி, முன்னறை மேசையில் தட்டு நிறைய அடுக்கினார்.
3. அண்ணன் வரவில்லை. வராததற்குக் காரணமும் வரவில்லை.
4. தட்டை யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணி அதை வரைய உட்கார்ந்தார்.

பினாங்கில் கன்னிமாடப் பள்ளியில் எண்ணெய் வண்ணம் பழகியவர் அவர். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் எங்கள் கடைவீட்டு மாடியில் அந்த வாசனை யாருக்கும் பிடிக்கவில்லை. படம் முடிந்ததும் அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"அழுகின பழத்தை யாராச்சும் சுவத்துல மாட்டுவாங்களா? ஈ ஒண்ணுதான் குறைச்சல்."

"ஈயும் இருக்கு அத்தை. நல்லா பாருங்க," என்றார் அண்ணி.

நான் அப்போதுதான் தாதிப் பயிற்சியை முடித்திருந்தேன். புண்ணின் நிறத்தைக் கொண்டு அது எத்தனை நாள் பழையது என்று சொல்லப் பழகிய கண் எனக்கு. படத்தில் வாழைப்பழங்கள் கறுத்துத் தொய்ந்திருந்தன. மங்குஸ்தீனின் தோல் கத்தி இறங்காத அளவுக்கு இறுகியிருந்தது. அவற்றுக்கெல்லாம் வண்ணம் மெலிதாக, துணியால் துடைத்ததுபோல் இருந்தது. ஓரத்தில் இருந்த ரம்புத்தான் மட்டும் வேறு. சிவப்பைத் தடிமனாக அப்பியிருந்தார். முடிகளின் நுனியில் பச்சை இன்னும் வாடவில்லை. ரம்புத்தான் சீக்கிரம் கறுத்துவிடும் பழம். ஆகவே அதை அண்ணி பின்னால்தான் வாங்கியிருக்க வேண்டும்.

அண்ணன் எப்படியும் வருவார் என்ற நம்பிக்கையில்தான் புதுப்பழம் வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா அடுப்படிக்குப் போனபின், ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை அவரிடமே சொன்னேன். அண்ணி தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது அவருக்கு இல்லம்மா. எனக்கு வாங்குனேன். வரைஞ்சு முடிச்சதும் தின்னுட்டேன்."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவர் போய்விடுவார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

பொங்கல் கழிந்ததும் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். மகன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா என்னிடம்தான் கேட்டார், அண்ணியிடம் கேட்கவில்லை.

அண்ணி இப்போது தாம் படித்த பள்ளியிலேயே சிறுமிகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறார். அண்ணன் இன்னும் வரவில்லை, அம்மா காத்திருக்கிறார். படம் என் அறையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச இந்த வீட்டில் எனக்கு ஆள் இல்லை.