வெர்லின் சட்டைப்பையில் ஒரு கிலுக்கு

காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால், வெர்லின் ஸ்டர்ஜில் பெட்டியைத் திறந்து மாண்டலினை இரண்டு கையாலும் எடுப்பார். காதருகே வைத்து லேசாக ஒரு குலுக்கு. உள்ளே ‘சிலுக்’ என்று காய்ந்த சத்தம் கேட்கும். கேட்டதும் முகம் தெளியும். “இருக்கான், இருக்கான்” என்று சொல்லிவிட்டுத் தந்திகளைத் துணியால் துடைப்பார். பெட்டிக்குள் கிடக்கும் நேற்றைய உருளைக்கிழங்குத் துண்டைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு ஒன்று நறுக்கி வைப்பார். விறகடுப்பு எரியும் வீட்டில் காற்று வறண்டுபோகும், மரம் வெடித்துவிடக் கூடாதல்லவா? அதற்குப் பிறகுதான் தன்னுடைய மூட்டுவலி மாத்திரை ஞாபகம் வரும். சில நாள் அதுவும் வராது.

உள்ளே இருப்பவன் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பின் வால் நுனி. வர்ஜினியாவின் இந்த மலைப்பக்கத்தில் ஃபிடிலோ மாண்டலினோ வைத்திருப்பவர்கள் அதை வாத்தியத்தின் துளை வழியாக உள்ளே போட்டு வைப்பது வழக்கம். எலி அண்டாது, சிலந்தி கூடு கட்டாது, நாதம் இனிக்கும் என்பார்கள். மாவட்டத்துச் சாலைகளைச் சமன் செய்யும் வண்டியை வெர்லின் ஓட்டிக்கொண்டிருந்த நாளில், சூடான மண்ணில் சுருண்டு படுத்திருந்ததை அவரே அடித்து அறுத்து எடுத்த வால் அது. நகரத்திலிருந்து வந்து மாண்டலினைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள், “ஐயையோ, உள்ள என்னமோ கழண்டு கிடக்குதே!” என்று பதறுவார்கள். “கழண்டது அங்க இல்லைங்க” என்று வெர்லின் தன் தலையைத் தொட்டுக் காட்டுவார்.

மாண்டலின் 1923-ஆம் வருஷத்தது, இன்றைக்குத் தேடினாலும் கிடைக்காத ரகம். மேல்பக்கம் கருத்து, நடுவில் முற்றின தேன் நிறத்துக்கு வந்து, கை படும் இடத்தில் மட்டும் பூச்சு தேய்ந்து வெறும் மரம் தெரியும். வெர்லினுடைய மனைவி ஓலீட்டாவின் சித்தப்பா அதைக் கோழித் தீவனம் வைக்கும் அறையில் ஆணியடித்து மாட்டியிருந்தார். வெர்லின் ஒரு கறவை மாட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி முதல் வருஷம் அது. ஓலீட்டா இன்றைக்கும் அதை மறக்கவில்லை.

“பால் குடுக்கறத ஓட்டி விட்டுட்டு, பாட்டுப் படிக்கறதக் கூட்டிட்டு வந்த மகராசன்யா நீ” என்பார். மாண்டலினுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘சின்னவ’. “சின்னவளுக்குப் போர்வை போத்தியாச்சா? மூத்தவ இங்க குளுர்ல நடுங்கறா” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். சொல்லிவிட்டு அவரே போய்ப் பெட்டியை வெயில் படாத பக்கம் தள்ளி வைப்பார்.

காலம் போகப்போக, மாட்டுக்கு மாறி வந்தது ராஜகுமாரி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றுவது மாண்டலினைப் பார்த்த பிறகுதான், வெர்லினைப் பார்த்து இல்லை. போன வருஷம் அவருக்கு இடுப்பு எலும்பில் அறுவை நடந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் அவித்த பயறும் சோள ரொட்டியும் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டவரிடம் வெர்லின், “தையல் பிரிச்சாச்சு, நடக்கச் சொல்லிட்டாங்க” என்றார். “அதில்லப்பா, மாண்டலினக் கேட்டேன்” என்றார் வந்தவர். மாவட்டப் பத்திரிகையில் ஒரு தடவை படம் வந்தது. மாண்டலின் முழுசாக, ஒரு பொத்தான் குறையாமல் சட்டை, இரண்டு கை. தலை மட்டும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஓலீட்டா அதைக் கத்தரித்துக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினார். “தல இல்லாட்டி என்ன? தொப்பையப் பாத்தாலே தெரியுதே, நீதான்னு.”

வெர்லினும் சிரித்தார். ஆனாலும் தண்ணீர் எடுக்கக் குளிர்ப்பெட்டியைத் திறக்கிற போதெல்லாம் கண் அங்கே போய்வந்தது.

இத்தனைக்கும் அவர் அப்படியொன்றும் வித்தை காட்டுகிற வாசிப்புக்காரர் இல்லை. இந்த மலைப்பாட்டில் மேளம் கிடையாது. பேஸ் என்கிற ஆளுயரப் பெரிய வாத்தியம் ‘தும்’ என்றால், அடுத்த நொடியில் மாண்டலின் தந்திகளை அமுக்கிப் பிடித்து ‘சக்’ என்று வெட்ட வேண்டும். தும்-சக், தும்-சக். ஃபிடிலும், பாஞ்சோ என்கிற தோல் கட்டின தந்தி வாத்தியமும் அதன் மேல் ஏறி ஆடும். வெர்லினின் வேலை அந்தச் ‘சக்’. வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும்போது ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்க ஒரு முறை வரும். முறை கொடுப்பதற்குப் பேச்சு இல்லை, ஒரு தலையசைப்புத்தான். தன்னைப் பார்த்துத் தலை அசைந்தால் வெர்லின் கன்னம் சிவந்து, வேண்டாமென்று தலையை ஆட்டி, அடுத்த ஆளைக் காட்டிவிடுவார். கல்யாணப் பந்தியில் பரிமாறிவிட்டுச் சாப்பிடாமலே வீட்டுக்குப் போகிற ஜாதி. கேட்டால், “நான் ரோட்ட நெரவி விட்டவன். ரோட்டுல போறவன் பேர் வாங்கட்டும்” என்பார்.

அவர் இருக்கும் குழுவுக்கு ‘ஸ்பிரிங் ஹாலோ பையன்கள்’ என்று பெயர். பையன்களில் அறுபதுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. பேஸ் வாசிக்கும் ஜெனிவா பெண்பிள்ளை. பள்ளிக்கூடச் சமையலறையை ஆட்டிப்படைக்கிறவர், பேஸ் மட்டும் எம்மாத்திரம்? பாஞ்சோ வாசிக்கும் ஹார்லெஸ்தான் தலைவர், அதாவது போன் எடுக்கிறவர். சனிக்கிழமை காலைகளில் தீவனக் கடையில் கூடுவார்கள். அடுப்பைச் சுற்றி நாற்காலி போட்டு வாசிப்பவர்கள் வட்டம், அதற்கு வெளியே தீவன மூட்டைகள் மேல் கேட்பவர்கள். நாற்காலியில் இருப்பவன் வாசிப்பவன், மூட்டையில் இருப்பவன் கேட்பவன். எழுதாத சட்டம் அது.

பனி முடியும் தறுவாயில் வெர்லினின் இடது கை மோதிரவிரல் மடங்கினால் நிமிர மறுத்தது. குதிரைக்குத் தடவும் தைலத்தை ஓலீட்டாவுக்குத் தெரியாமல் எடுத்துத் தடவினார். குதிரைத் தைலத்தின் வாடையை மறைக்க முடியுமா? ஓலீட்டா மட்டுமில்லை, ஊரே மோந்துவிட்டது. வெட்டு தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் விரலை வலது கையால் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அதை ஹார்லெஸ் பார்த்துவிட்டார்.

ஒரு காலையில் ஹார்லெஸ் வீட்டுக்கு வந்து, அடுப்படி மேசையில் உட்கார்ந்து, ஓலீட்டா ஆப்பிளைக் காய்ச்சிக் கிண்டின ‘ஆப்பிள் வெண்ணெயை’ ரொட்டியில் தடவிக்கொண்டே இருந்தார். ரொட்டி மறைந்து வெண்ணெய் மட்டும்தான் தெரிந்தது.

“சொல்லித் தொலையேன்யா” என்றார் வெர்லின்.

“ஆகஸ்ட்ல பாட்டுப் போட்டி வருதில்ல. ஒன் கைய யோசிச்சேன். ட்ராய் இருக்கான். அவன் மாண்டலின் தேவலாம்தான், ஆனாலும் ஒன்னோடது மாதிரி வராது.” மறுபடியும் கத்தியால் தடவினார். “நீ சிரமப்பட வேணாம் வெர்லின். மாண்டலின் வந்தாப் போதும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று ஹார்லெஸுக்கு உறைத்தது. காது நுனி வரை சிவந்தார். நல்ல மனுஷன், வாய்தான் அவருக்கு முன்னால் ஓடும். ஓலீட்டா அவர் முன்னாலிருந்த வெண்ணெய்ச் சாடியை எடுத்து மூடிவைத்தார்.

“வெண்ணெயும் வந்தாப் போதும்னு வந்தியோ?” என்றார்.

“நீ சும்மா இரு” என்றார் வெர்லின். “ட்ராய் நல்லா வாசிக்கறான். சனிக்கிழம கொண்டாரேன்.”

ஹார்லெஸ் போன பிறகு வெர்லின் மேசையில் சிதறின ரொட்டித் தூளைத் திரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து வருஷமாக உள்ளுக்குள் இருந்த சந்தேகத்தை ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். பல்லக்கைப் பார்க்க வருகிற கூட்டம் தூக்குகிறவன் பெயரைக் கேட்குமா? விரல் போய்விட்டால் சனிக்கிழமை காலைகளில் தனக்கு எங்கே இடம் என்று யோசித்தார். மூட்டைகள்தான் கண்ணில் வந்தன.

“ஏய்யா, குடுக்காதன்னு சொல்லல” என்றார் ஓலீட்டா, தட்டைக் கழுவிக்கொண்டே. “அந்தப் பாம்பு வாலையும் சேத்துக் குடுத்துராத. சின்னவ என் சித்தப்பன் வீட்டுலேர்ந்து மாட்டுக்கு மாறி வந்தவ. பாம்பு ஒருத்தன்தான் நீயா சம்பாதிச்சது.”

சனிக்கிழமை தீவனக் கடையில் கூட்டம் அதிகம். சின்னவள் கை மாறுகிறாள் என்ற செய்தி பரவியிருந்தது. ரொட்டிக்குள் பன்றிக்கறி வைத்துத் தின்றுகொண்டே மூட்டைகளை நிரப்பியிருந்தார்கள். ட்ராய் வாகனக் காப்பீடு விற்கிறவன், நாற்பது வயசு, மலையிலேயே வேகமான கை. பெட்டி திறந்தபோது அவன் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டான். கோயிலுக்குள் நுழைகிறவன் போல நின்றான்.

வெர்லின் மாண்டலினைத் தலைகீழாகப் பிடித்து, முன்னும் பின்னும் சரித்து, துளை வழியாகப் பாம்பு வால் கிலுக்கை வெளியே எடுத்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே இருந்தவன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான்.

“அது உள்ள இருந்தாத்தானே நாதம், அண்ணே?” என்றான் ட்ராய் பயந்துபோய்.

“நாதம் மரத்துல இருக்கு தம்பி. இவன் எனக்குத் தொணைக்கு.” கிலுக்கைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். மாண்டலினைக் கொடுத்தார். அப்புறம், யாரும் சொல்லாமலே, தன் நாற்காலியைத் தாண்டிப் போய் ஒரு மாட்டுத் தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் ட்ராய் உட்கார்ந்தான்.

ட்ராய் வாசித்தது அழகு. அதில் கூடக் குறையப் பேச ஒன்றுமில்லை. மூட்டைகளில் இருந்தவர்கள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். ஒருவர் ரொட்டியை மெல்லவே மறந்துவிட்டார். வெர்லினுக்கே கண் கலங்கியது, இந்த மரத்துக்குள் இவ்வளவு இருந்ததா என்று. தன்னிடம் இருந்த காலமெல்லாம் இவளைப் பட்டினி போட்டிருக்கிறோமே என்றுகூடத் தோன்றியது.

ஆனால் பாட்டு கட்டுமீறி ஓடியது. முதல் சுற்றில் நடந்தது, இரண்டாம் சுற்றில் குதித்தது. ட்ராயின் கை மேலே பூவேலை செய்யப் போன போதெல்லாம் கீழே ‘சக்’ இல்லை, வந்த போதும் அவசரமாக வந்தது. பாஞ்சோ துரத்தியது. வில்லை இழுத்து இழுத்து ஃபிடில்காரருக்கு நெற்றி வியர்த்தது. ஜெனிவாவின் ‘தும்’ மட்டும் பதில் கிடைக்காத கேள்வி மாதிரி தனியாக விழுந்துகொண்டிருந்தது. முடித்தபோது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. கூட்டம் கைதட்டியது. கூட்டத்துக்கு வேகம் பிடிக்கும்.

“மாடு பிச்சிக்கிட்டுப் போன மாதிரி போச்சு” என்றார் ஜெனிவா. “இன்னொரு தடவ, மெதுவா.”

மெதுவாகத்தான் தொடங்கினார்கள். மறுபடி தாளம் நழுவத் தொடங்கிய இடத்தில் மூட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிலுக். கொஞ்சம் விட்டு, சிலுக். வெர்லினுக்குத் தான் செய்வது தெரியவில்லை. இடது கை மடியில் ஓய்ந்து கிடந்தது. வலது கை சட்டைப்பையைத் தட்டிக்கொண்டிருந்தது, கிலுக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் போன கை அங்கேயே தங்கிவிட்டது. தும்-சிலுக், தும்-சிலுக். சாலை சமன் வண்டியின் கத்தி போல ஒரே மட்டத்தில் வந்தது.

ஜெனிவாதான் முதலில் பிடித்தார். பேஸை அதன் இரும்புக் காலின் மேல் வைத்தே மெல்லத் திருப்பி, ட்ராய்க்கு முதுகு காட்டி, மூட்டையைப் பார்த்து நின்றார். பிறகு ஹார்லெஸ் பாஞ்சோவின் கடிவாளத்தைப் பிடித்தார். ஃபிடில்காரர் நெற்றி ஆறியது. ட்ராய் மாண்டலினிலிருந்து தலையைத் தூக்கி, சத்தம் எங்கே என்று தேடி, கண்டுபிடித்துச் சிரித்துவிட்டான். அவன் கையும் நிதானத்துக்கு வந்தது. மூட்டைகளில் இருந்தவர்கள் இன்னும் சின்னவளைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ட்ராயின் முறை முடிந்தது. அடுத்த முறையை யாருக்குக் கொடுப்பது என்று ஹார்லெஸ் பார்வை வட்டத்தைச் சுற்றியது. வட்டத்துக்குள் நிற்கவில்லை. நாற்காலிகளைத் தாண்டி, மாட்டுத் தீவன மூட்டைக்கு வந்து, வெர்லினைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பாஞ்சோ அடங்கியது. ஃபிடில் இறங்கியது. ட்ராய் தந்திகளை உள்ளங்கையால் மூடினான். ஜெனிவாவின் ‘தும்’ மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

வெர்லினின் கன்னம் சிவந்தது. வழக்கம்போல வேண்டாமென்று ஆட்டத் தலை ஒரு பக்கம் திரும்பியது. பாதியில் நின்றது. சட்டைப்பையின் பொத்தானைக் கழற்றி, பாம்பின் வாலை இரண்டு விரலால் எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.