மரங்கள் சாய்ந்த பக்கம்

எனக்கு நயமாகப் பேச வராது. அப்பா புனேயை ஒட்டிய கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் புனேயில் ஒரு வானிலை ஆராய்ச்சி அலுவலகத்தில் ராடார் படம் பார்ப்பவள். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களுக்கு வந்த ராடார் காற்றின் ஓட்டத்தையும் காட்டியது. நம்மை நோக்கி வந்தால் பச்சை, விலகிப் போனால் சிவப்பு.

ராடார் கீழிருந்து மேலாகப் பல சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்க்கும். தரையை ஒட்டிச் சுற்றும் முதல் சுற்றை மட்டும் அலுவலகத்தில் கழித்துவிடுவார்கள். சுற்றிலும் மலை, அது படத்தைக் கெடுக்கிறதாம். நான் அதையும் பார்ப்பேன்.

ஒரு மே மாத இடிமழையில் விமான நிலையத்தின் அருகே பச்சையும் சிவப்பும் ஒட்டி நின்று, பத்து நிமிடத்தில் விரிந்தன. மேகத்திலிருந்து காற்று மொத்தமாக விழுந்து தரையில் நாலாபக்கமும் சிதறினால்தான் அப்படித் தெரியும். இறங்கும் விமானத்தை அது முதலில் தூக்கும், பிறகு தரையில் அறையும். முதல் சுற்றைக் கழித்தால் இது யார் கண்ணிலும் படாது.

அதிகாரியிடம் காட்டினேன். அவர் தஞ்சாவூர்க்காரர்.

"அது மலைம்மா. கழிச்சிட்டு அடுத்ததப் பாரு."

"மலை பத்து நிமிஷத்துல விரியுமா சார்?"

"கோவம் மட்டும் வருது ஒனக்கு. ஆதாரம் எங்க?"

மறுநாள் லீவு போட்டேன். அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, விமான நிலைய மதிலுக்கு வெளியே விழுந்து கிடந்த மரங்களைத் தேடிப் போனேன். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறித்தேன்.

"ஏட்டி, மரம் எண்ணவா ஒன்ன எம்.எஸ்சி. படிக்க வச்சேன்?"

"பேசாம திசைகாட்டிய நேராப் பிடிங்கப்பா."

சாதாரணப் புயற்காற்றில் எல்லா மரமும் ஒரே பக்கம் சாயும். இங்கே கிழக்கே நின்றவை கிழக்கே, மேற்கே நின்றவை மேற்கே. நடுவில் ஒரு பொட்டல். ராடாரில் பச்சையும் சிவப்பும் சேர்ந்த அதே இடம்.

வரைபடத்தை அதிகாரியின் மேஜையில் போட்டேன். ராடார் படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "இனிமே மொத சுத்தக் கழிக்காதீங்க" என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். இப்படித் தெரிந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நானே போன் செய்யலாம் என்றார்.

அடுத்த மாதமே மறுபடி அப்படித் தெரிந்தது. போன் செய்தேன்.

"பக்காவா, மேடம்?" என்று இந்தியில் கேட்டார்கள்.

"பக்கா. இறக்காதீங்க."

மழை விலகும்வரை விமானத்தை வானத்தில் சுற்றவிட்டு இறக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் தாமதத்துக்குத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும். உயிரோடு இறங்கி வந்து திட்டட்டும்.