உளுந்து டப்பாவுக்கு அடியில் இருந்த படம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பம்பாய் மாட்டுங்காவில், படித்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் எப்படிப் பேசினாலும் அதைத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் காகிதத்தில் வைப்பாள். நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதையாவது கசங்கலோடு எழுது தாயீ என்று சொல்லியிருக்கிறேன். சரி என்று சிரிக்கிறாள்.

என் மகன் ஒரு மராத்திப் பேப்பரில் கார்ட்டூன் போடுகிறவன். முதல் பக்கத்தில், கீழே, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம். இருபத்தெட்டு வருடமாக அந்தக் கட்டம் அவனுடையது. தாராவியில் எங்கள் சந்தில் எல்லார் வீட்டுக்கும் தமிழ்ப் பேப்பர் வரும், எங்கள் கோலிக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு மட்டும் மராத்தி. பேப்பர்க்காரன் முதல் நாளே கேட்டான்.

"ஏன் ஆச்சி, மராத்தி எப்பம் படிச்சிய?"

"தமிழு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மராத்தியும் தெரியும்லே. போட்டுட்டுப் போ."

பொய் இல்லையே!

படத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை டிரங்குப் பெட்டிக்கு அடியில் செருகிவிடுவேன். கிறிஸ்மஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிப்போம் இல்லையா, அப்போது அதிலிருந்து எனக்குப் பிடித்ததாகப் பொறுக்கி, சமையல் அலமாரித் தட்டுகளில் படம் மேலே தெரிகிற மாதிரி விரிப்பேன். அதற்கு மேல்தான் டப்பாக்கள். பழையதை எடுக்க மாட்டேன். அதன் மேலேயே புதியது. வருடா வருடம் கனம் ஏறி, அரிசி டப்பாவின் மூடி மேல் தட்டில் இடிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஒம் மவன் இன்னும் பத்து வருசம் படம் போட்டாம்னா அரிசியத் தரையிலதான் வைக்கணும்," என்பார் வீட்டுக்காரர்.

அவர் தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். கைப்பைக்கும் செருப்புக்கும் தோல் வெட்டுவார். மகன் படம் பழகியது அங்கேதான், தோலில் குறி போடுகிற வெள்ளைப் பென்சிலில். எட்டு வயதில் முதலாளியைத் தவளையாக வரைந்துவிட்டான். தொப்பை, மூக்குக் கண்ணாடி, எல்லாம் உள்ள தவளை. நல்ல தோல் வேறு. வேலை போயிற்று என்று இவர் நடுங்கிக்கொண்டு நிற்க, முதலாளி குனிந்து பார்த்தாராம்.

"ஏலே, மூக்கு சரியா வந்திருக்குடே. வெட்டும்போது என் மூஞ்சி உள்பக்கம் போற மாதிரி வெட்டு."

எந்தப் புண்ணியவதி அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பம்பாய் முழுக்கச் சுற்றினாளோ. அதுதான் அவனுடைய முதல் கார்ட்டூன். அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசை. லோக்கல் ட்ரெயினில் பழைய தோல் பையோடு யாராவது ஏறினால் என் கண் தானாக அங்கே போகும்.

வளர்ந்து, சுவரில் எழுத்து எழுதி, ஆட்டோவுக்கு நம்பர் எழுதி, பேப்பர் ஆபீஸ் போய்ச் சேர்ந்தான். அங்கே போன பிறகும் அவன் பயந்தது அப்பாவுக்குத்தான். அவர் படத்தில் மந்திரியைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். என் மகன் வரைகிற சனங்களின் செருப்பில் வார் எங்கே சேர வேண்டுமோ அங்கே சேர்ந்திருக்கும், தையல் ஒன்றொன்றாகத் தெரியும். "தையலு நேரா வந்திருக்கு," என்பார். அவ்வளவுதான் பாராட்டு.

ஒரு தடவை ஒரு பெரிய தலைவரை ரொம்பக் கேவலமாக வரைந்துவிட்டான். ஆள் அனுப்பி அடிப்பார்கள் என்று நான் முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். ஆள் வந்தது உண்மை. அசல் படத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். தலைவருக்குப் பிடித்துவிட்டதாம், வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். மகன் ஒரு வாரம் சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். "கோவப்படுவாம்னு பாத்தா பிரேம் போட்டுட்டாம்மா," என்றான்.

வீட்டுக்காரர் இறந்தது மழைக்காலத்தில். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வந்த படத்தில், ஒரு மந்திரி குடை பிடித்தபடி புது ரோட்டுக்கு ரிப்பன் வெட்டுகிறார். ரோடு தண்ணீருக்குள் இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் ஒருத்தர் இரண்டு செருப்பையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்கிறார். இடது செருப்பின் குதிகாலில் ஒரு ஒட்டு. அது இவருடைய செருப்பு. அந்த ஒட்டைப் போட்டது அவரேதான்.

"அப்பா செருப்பு நனையக் கூடாதுல்லாம்மா," என்றான் மகன்.

அந்தப் படத்தை உளுந்து டப்பாவுக்கு அடியில் விரித்தேன். அதன் மேல் மட்டும் அப்புறம் எதையும் விரிக்கவில்லை. வாரம் ஒரு முறை மாவுக்குப் போடும்போது டப்பாவைத் தூக்குவேன், பார்ப்பேன், வைப்பேன்.

மகன் கல்யாணமாகிக் கோபர்கைரனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். டீயைக் குடித்துக்கொண்டே தட்டைப் பார்த்து, "இந்த வாரம் எந்த டப்பாக்கு அடியில இருக்கேன்?" என்று கேட்பான். போன மழையில் திடீரென்று நின்றுபோனான். ஒன்று, இரண்டு, ஐந்து ஞாயிறு ஆயிற்று. போன் செய்தால், "நல்லா இருக்கேம்மா. ஆபீஸ்ல வேல ஜாஸ்தி. டென்ஷன் எடுக்காத." குரல் நன்றாகத்தான் இருந்தது. படமும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. படம் வருகிற வரைக்கும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று இருந்தேன்.

ஒரு நாள் காலையில் பேப்பரைப் பிரித்தால் மந்திரி, குடை, ரிப்பன், தண்ணீர். மந்திரியின் தலையில் மட்டும் வேறு தொப்பி. தண்ணீரில் நிற்பவர் கையில் இவருடைய செருப்பு!

உளுந்து டப்பாவை இறக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"மழ வருசாவருசம் வருது, தண்ணி வருசாவருசம் நிக்கி. படமும் ஒண்ணுபோலதான் மைனி இருக்கும்."

"தண்ணி நிக்கும்ட்டி. எங்க வீட்டு அவிய வருசாவருசமா வந்து நிப்பாவ?"

அப்பா செருப்பை அவன் இரண்டாவது முறை வரைய மாட்டான். அப்படியானால் இதை அவன் வரையவில்லை, பழையதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவன் வரையாமல் என்ன செய்கிறான்?

இரண்டு பேப்பரையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சயானில் ரயில் ஏறினேன். தாணாவில் மாறி, ஐரோலி தாண்டி, கோபர்கைரனே. போர்டு படிக்கத் தெரியாவிட்டால் என்ன, அடுத்து எந்த ஸ்டேஷன் என்று வண்டியே சொல்கிறது. எனக்காகவே பேசுகிற மாதிரி இருக்கும்.

மருமகள்தான் கதவைத் திறந்தாள்.

"அம்மா! தனியாவா வந்தீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"போன்ல அவன் நல்லா இருக்கேன்னுல்லா சொல்லுதான்."

மகன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தான். நான் இரண்டு பேப்பரையும் அவன் முன்னால் விரித்தேன். பழையதிலிருந்து உளுந்துத் தூசி பறந்தது.

"எய்யா, இது பழசு."

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"அப்பா செருப்பு."

கையை வெளியே எடுத்துக் காட்டினான். தையல் மிஷின் ஊசி மாதிரி நடுங்கியது.

"நாலு மாசமா இருக்கும்மா. மொதல்ல லேசா இருந்துச்சு, இப்பம் இப்பிடி. மாத்திர சாப்பிடுதேன். நிக்க மாட்டேங்கு. முழுசா தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன மாசம் ஆபீஸ்ல, கொஞ்ச நாளு பழசுலயே தொப்பிய மாத்திப் போட்டுக்கிடலாம்னாவ. சரின்னேன். ஒருத்தன்கூட இது பழசுன்னு ஒரு போன் பண்ணலம்மா. அதான் கைய விட வலிக்கு."

 மற்ற பழைய படங்களை ஒரு மாதமாகப் பார்த்து நானும்தானே ஏமாந்திருக்கிறேன்.

"வீட்டுக்கு ஏம்ல வரல?"

"ஒன் முன்னால டீ கிளாஸப் பிடிக்க முடியாதுல்லா."

"கூறுகெட்ட பயலே, அரைக் கிளாஸ் ஊத்துனா எப்படிச் சிந்தும்?"

மருமகளிடம் காகிதம் கேட்டு வாங்கி, பென்சிலை அவன் கையில் வைத்தேன். "ஒரே ஒரு செருப்பு போடு." மாட்டேன் என்றான். நானும் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். போட்டான். வார் நெளிந்து, தையல் நண்டு நடந்த மாதிரிக் கோணிக்கொண்டு போனது. ஆனால் வார் சேர வேண்டிய இடத்தில்தான் சேர்ந்திருந்தது.

"தையலு கோணிருக்கு. அப்பா இருந்தா பிரிச்சுத் தையிலேம்பாவ."

சிரித்துவிட்டான். அவன் சிரித்து ஒரு மாதம் ஆகிறது என்று மருமகள் அடுக்களைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், நான்தான் எழுத வைக்கிறேன்.

"கோணலாவே போட்டு ஆபீசுக்கு அனுப்புல," என்றேன். "பாப்போம்மா," என்றான்.

இப்போது ஞாயிறு தவறாமல் வருகிறான். டீ அரைக் கிளாஸ், இரண்டு தடவை. வீட்டில் கொஞ்சம் கொஞ்சம் வரைகிறானாம். அனுப்ப இன்னும் தைரியம் வரவில்லை. கட்டத்தில் பழைய படம்தான் ஓடுகிறது.

கிறிஸ்மஸுக்கு வெள்ளை அடித்தாயிற்று. எல்லாத் தட்டையும் விரித்துவிட்டேன், சர்க்கரை டப்பா இருக்கிற தட்டு மட்டும் வெறும் தகரமாகக் கிடக்கிறது. டப்பாவை வைக்கும்போதெல்லாம் டங்கென்று சத்தம். அந்தக் கோணல் செருப்பு வரைந்த காகிதத்தை விரிக்கலாமே என்றாள் மருமகள். அது பேப்பரில் வந்ததா? வரட்டும், விரிப்போம்.

காலையில் பேப்பர் விழுந்ததும், இவர் பார்த்த மாதிரியே முதலில் காலைத்தான் பார்க்கிறேன். ஒரு தையல், ஒரே ஒரு தையல் கோணியிருந்தால் போதும், புதுப் படம் வந்துவிட்டது என்று சந்து முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

இன்றைக்கும் நேராகத்தான் இருந்தது.