எதிர் வீட்டுக்கு வந்தவர்கள்

ஓய்வுபெற்ற கண்டக்டருக்குச் சேவைச் சங்கத்தில் 'நாற்காலி அண்ணன்' என்று பெயர். கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவார், கடைசி ஆளாக நின்று அடுக்கி வைப்பார். நடுவில் அவர் எங்கே உட்கார்ந்தார் என்று ஒரு ஜீவனும் கேட்டதில்லை.

தனியாக வாழும் முதியவர்களுக்கு மாதாமாதம் பழப்பை கொடுக்கும் திட்டம் வந்தபோது மட்டும் அவர் வாயைத் திறந்தார். "பையை நீட்டிட்டு ஓடி வந்துடக் கூடாது. அரை மணி நேரமாவது உக்காந்து பேசணும்." அதுவே சட்டமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த கணவனும் மனைவியும் பழப்பையோடு அவர் கதவைத் தட்டினார்கள். எதிர் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு வந்த பை என்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெண், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டாள். அவர் மனைவி காலமானபின் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கதவை அகலத் திறந்தார்.

சட்டப்படி உட்கார்ந்தார்கள். டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடித்த பயணிகளைப் பற்றிச் சொல்லி, இருவரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். அவர்கள் எழுந்ததும் பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க எதிர் வீட்டுக்குப் போயிருக்கணும்மா. நானும் சங்கத்து ஆள்தான்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சிடுங்கப்பா! அடுத்த மாசம் சரியாப் போயிடுறோம்."

"அதுக்கென்னம்மா," என்றார் கதவைப் பிடித்தபடி. "அடுத்த மாசமும் கொஞ்சம் வீடு மாறியே வாங்களேன்."